சும்மாட்டு ஓட்டைகள்

செவ்வாய்க்கிழமை காலை, நான் வரைபலகையில் தலையைக் கவிழ்த்திருந்தபோது பியூன் முனுசாமி வந்து நின்றான். "தேவசகாயம் சார் பூட்டாரு சார். ரூம் கதவ ஒடச்சித்தான் பாத்தாங்கோ" என்றான். ராயபுரத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தவர். சனிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தேன், லீவு போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஆபீஸில் அவரோடு வேலை பார்த்து, இன்று இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் சிடுமூஞ்சி ஓவர்சியர். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் பஞ்சாயத்துக்காகக் குடிநீர்ப் பம்பு ரூம் கட்டியபோதுதான் நான் அவரைக் கொஞ்சம் அறிந்தேன். ஓலைக் குடிசைகளுக்கு நடுவே தட்டையான காங்கிரீட் கூரை, வெயிலுக்கும் மழைக்கும் வெளியே நீட்டிய அகலமான சஜ்ஜா, கடல் பார்த்த சுவர் முழுக்கச் சதுர ஓட்டைகள். உள்ளே ஆயில் எஞ்சின் சூடேறாமலிருக்கக் காற்று வேண்டும் அல்லவா? "எஞ்சினும் மூச்சு விடணும்பா" என்பார்.

கட்டடத்தைப் பார்க்க வந்த பஞ்சாயத்துத் தலைவர், "இன்னா சார், செங்கல்லு தீந்துபூட்ச்சா? சொவுரு முழுக்க ஓட்டையா கீது!" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஓட்டைகளை அடைத்தால்தான் கட்டடத்தை ஏற்போம் என்றும் சொல்லிவிட்டார். கூட வந்திருந்த எங்கள் மேலதிகாரி என் பக்கம் திரும்பி, "படம் போட்டவன் நீதானே, நீ என்ன சொல்றே?" என்று கேட்டார். அந்தச் சுவரைத் தேவசகாயத்தோடு உட்கார்ந்து யோசித்தவன் நான். வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். தேவசகாயம் என்னைப் பார்க்கவே இல்லை. "ஒரு மாசம் விடுங்க. அப்பவும் வேண்டாம்னா நானே நின்னு பூசறேன்" என்றார்.

மாதம் முடிந்து கொத்தனாரோடு போனோம். மீன் விற்றுத் திரும்பும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டுத் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். தலைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணியை ஈரத்தில் போடாமல் ஆளுக்கோர் ஓட்டையில் செருகியிருந்தார்கள். கொத்தனார் கரண்டியை எடுத்ததும் கன்னியம்மா என்ற பெண் குறுக்கே வந்தாள். "யோவ், அது என் ஓட்ட. கை வெச்சே, கொடத்தாலியே போடுவேன்!" தலைவரே கொத்தனாரிடம் கரண்டியைப் பையில் போடச் சொன்னார்.

திரும்பும் வழியில் தேவசகாயம், "நான் காத்துக்கு விட்டேன், அவங்க சும்மாட்டுக்கு எடுத்துக்கிட்டாங்க. அவங்க சொல்றதுதான் சரி" என்றார். என் மௌனத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அடுத்த ஊர்ப் பம்பு ரூமுக்கான படத்தில், ஆங்கிலக் குறிப்புகளுக்கு நடுவே, சுவரின் ஓட்டைகளைக் காட்டி 'சும்மாடு' என்று தமிழில் எழுதினார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

காசிமேட்டுக் கல்லறையில் நாங்கள் ஆறு பேர்தான். மறுநாள் குப்பத்துக்குப் போய்ச் சொன்னேன். அங்கே அவர் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. "ஓட்டை வெச்ச சார்" என்றதும் கன்னியம்மா குடத்தை இறக்கிவைத்தாள்.

"அவரா? நாயித்துக்கெயம ஆனா வந்துடுவாரே. சஜ்ஜாக்கு அடியில குந்திகினு எங்களையே பாத்துகினு இருப்பாரு. 'இன்னா சார்'னா, 'சும்மாத்தாம்மா'ம்பாரு. ஏன் சார், அவருக்குப் பேச்சுத் தொணைக்கு ஒரு தோஸ்துகூட இல்லியா?"

பதினோரு வருஷம் பக்கத்து மேசை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறீர்கள் என்று நான் ஒருமுறைகூட அவரைக் கேட்டதில்லை.

'சும்மாடு' என்று அவர் எழுதிய அந்தப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. கன்னியம்மாவின் கேள்வியும் இருக்கிறது. அன்றும் நான் பதில் சொல்லவில்லை.