அக்கா பதவிக்கு வந்த ஆபத்து

என் மனைவியும் அவள் தங்கையும் இரட்டைப் பிள்ளைகள். என் மனைவி சில நிமிடங்கள் மூத்தவள். அந்தச் சில நிமிடங்களை வைத்துக்கொண்டு குடும்பத்தையே ஆட்டிப் படைத்தாள். தங்கை எந்தச் செருப்பு வாங்குவது, யாரோடு பேசாமல் இருப்பது, எல்லாம் இவள் தீர்ப்புதான்.

மூவருக்கும் ஒரே ஓட்டலில் வேலை. தரைக்கு அடியில் இருக்கும் சலவையறையில் இவள் ஈரத்துணி வண்டி தள்ளுகிறாள். தங்கை உச்சி மாடியில் படுக்கை விரிக்கிறாள். நான் நடுவே லிஃப்ட் ஓட்டுகிறேன். மதியம் அக்காவும் தங்கையும் சலவையறையில் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

ஒருநாள் தங்கை ரேடியோவில் கேட்ட சங்கதியோடு இறங்கி வந்தாள். "உசரத்துல பூமியோட இழுப்பு கம்மியாம்க்கா. அங்க நேரம் வேகமா ஓடுமாம். நகர்ந்துக்கிட்டே இருந்தா மெதுவாப் போகுமாம். நீ கீழயும் இருக்க, வண்டியும் தள்ளுற. இப்படியே போனா நான்தான் உனக்கு அக்கா!"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். என் மனைவிக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள் முதல் மதியமானால் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் அசையாமல் உட்கார்ந்துகொண்டாள். ஊரே வயதைக் குறைக்கப் படாத பாடு படுகிறது. இவள் ஒருத்தி வயதாக வேண்டும் என்று வெயிலில் காய்ந்தாள். தோளைத் தொட்டேன்.

"அசைக்காதீங்க! வயசு நின்னுடும்."

"ஆயுசு முழுக்க உக்காந்தாலும் கண்ணிமைக்கிற நேரம்கூடத் தேறாதும்மா."

"கொஞ்சமா இருந்தா விட்டுக்குடுத்துடணுமா?"

மேலும் கீழும் அலைகிற என் வயது என்ன கதியோ, அதை யாரும் விசாரிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். சலவையறையில் தங்கை தனியாகக் காலி வண்டியைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமல் கிடந்தது. பயந்துபோய் என் மனைவியை இறக்கிக் கூட்டி வந்தேன்.

"என்னடி பண்ற?"

"வயசு ஏறாம பாத்துக்கறேன்." மூச்சிரைத்தது அவளுக்கு. "நான் அக்காவாயிட்டா, எனக்கு அக்கான்னு யாரு இருக்கா? ஒரு வாரமா நீ சாப்பிடக்கூட வரல."

சொல்லிவிட்டு அழுதாள். என் மனைவிக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வண்டியைப் பிடுங்கிச் சுவரோரம் தள்ளினாள்.

"மூஞ்சியக் கழுவிட்டு வந்து சாப்பிடுடி, கழுதை!"

தங்கை குடுகுடுவென்று குழாயடிக்கு ஓடினாள்.