காற்றுத் தகரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரன் அவனுடைய காரின் மூக்கில் ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டினான். பார்சலில் வந்த பிளாஸ்டிக் சாமான். காரின் அகலத்துக்கு வளைந்து இருந்தது. பானெட்டை ஈரத்துணியால் துடைத்தான், காயவிட்டான், போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதில் ஒருவன் செய்துகாட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். டேப்பை உரித்து ஒட்டி, இரண்டு முனையிலும் கொக்கியை மாட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி வெயிலில் நின்றான். எனக்கு விளக்கமும் சொன்னான். வருகிற காற்றை இது மேலே தள்ளிவிடுமாம். பூச்சியோ கல்லோ கண்ணாடியில் அடிக்காதாம்.

தெரியும் என்றேன். அவன் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகிறான்.

"சத்தம் வருமாடா?" என்று கேட்டேன்.

"இது கம்பெனி சாமான், அப்பத்தா. சத்தமே வராது."

அப்படியானால் இதில் பாதிப் பிரயோசனம்தான் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்கு விளங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் கார் இருந்தது. இதை நான் அழுத்தித்தான் சொல்வேன். அந்தக் காலத்து அருப்புக்கோட்டையில் கார் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களிடம் வருவதற்குள் அது நாலைந்து கை மாறியது என்பதையும், வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும் என்பதையும் யாராவது கேட்டால்தான் சொல்வேன்.

அப்பாவுக்கு மிளகாய் வத்தல், மல்லி வியாபாரம். வியாழக்கிழமைதோறும் பாலவனத்தம் வழியாக விருதுநகருக்குப் போய்வருவார். காரை ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அப்பா பின்சீட்டில் உட்காருவார். முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் நான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டதால் எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான்.

நான் சும்மா உட்கார்ந்து போனவள் இல்லை. காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. குடிக்கிற தண்ணீருக்கே நடையாய் நடக்க வேண்டிய ஊரில் காருக்கும் தண்ணீர் கொடுக்கிறோமே என்று அம்மா வாராவாரம் பக்கத்தில் நின்று முணுமுணுப்பாள். ஒரு சொட்டுக் கீழே விழுந்தாலும் என் தலையில் குட்டு விழும். அதனால் விழாது.

அந்த வருஷம் ஆடிக்காற்று பேயாக அடித்தது. ரோட்டில் முன்னால் போகிற லாரி எல்லாம் மண்ணையும் சரளையையும் வாரி எங்கள் மேல் இறைத்துக்கொண்டு போகும். ஒரு தடவை கல் ஒன்று பட்டுக் கண்ணாடியின் மூலையில் விரிசல் விழுந்தது. இன்னொரு கல் பட்டால் புதுக் கண்ணாடிக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று அப்பா மாமாவைக் கடிந்துகொண்டார், கல்லை மாமாதான் எறிந்தது போல. மாமா ஏதோ ஒரு லாரியின் முகப்பில் தகரம் வைத்திருந்ததைப் பார்த்திருந்தார். நம் காருக்கும் வைக்கலாம் என்றார். வை, ஆனால் பானெட்டில் ஓட்டை போடக் கூடாது என்று அப்பா சம்மதித்தார்.

மாமா பானெட்டின் மேல் பழைய செய்தித்தாளை விரித்துத் தடவி, வளைவு வருகிற இடத்தில் மடித்து, முதலில் தாளிலேயே அளவு எடுத்தார். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, அந்தத் தாளை அதன்மேல் வைத்துக் கோடு போட்டார். கையை வெட்டாமல் இருக்க மேல் விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டினார். மடித்து முடிப்பதற்குள் அது என் விரலை வெட்டிவிட்டது, ஏனென்றால் தட்டும்போது பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். தழும்பு இன்னும் இருக்கிறது. கீழ் விளிம்பில் கம்பிக் கொக்கிகள் வைத்தார். ஓட்டை இல்லாமலே அவை பானெட்டின் உதட்டைக் கவ்விக்கொண்டன. பெயிண்ட் உராயாமல் இருக்க சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி அடியில் கொடுத்தார். எல்லாம் முடிந்து பார்த்தால், யாரையோ 'நில்லு' என்று சொல்லிக் கையை நீட்டியது போல அது சாய்ந்து நின்றது. நாங்கள் அதற்குக் காற்றுத் தகரம் என்று பெயர் வைத்தோம். அது பாதி என்னுடையது என்று எனக்கு எண்ணம்.

தகரம் சொன்ன வேலையைச் செய்தது. முன்னால் பறந்து வருகிற வெட்டுக்கிளி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்ததும், யாரோ தூக்கிவிட்டது போல எங்கள் தலைக்கு மேலே தாவிப் போகும். மண்ணும் குறைந்தது. ஆனால் கார் கொஞ்சம் வேகம் பிடித்தால் தகரம் ஊளையிட ஆரம்பித்தது. இடது பக்கத்தில் ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அதில் காற்று நுழைந்து கத்தியது. கரிசல் காட்டில் மறிக்கச் சுவரா மரமா, ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம் ரொம்பத் தூரம் போகும். மேய்கிற ஆடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

"மாப்ளே, எழவு வீட்டுக்குப் போற காரு மாதிரியில்ல அழுகுது" என்றார் அப்பா.

ஒரு துண்டு ரப்பர் கொடுத்தால் அடங்கிவிடும் என்று சொல்லி, மாமா அப்பாவின் கண் முன்னாலேயே கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமை மறுபடி ஊளை. ரப்பர் கழன்று எங்கோ விழுந்துவிட்டது என்றார். அந்த ரப்பர் ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டிக்குள் கிடந்ததை நான் பார்த்தேன். ரோட்டில் விழுந்தது எப்படிப் பெட்டிக்குள் ஏறியது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மாமா எதையும் வீணாக்காதவர் என்று முடிவு செய்துகொண்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். மற்ற இடமெல்லாம் மாமா மாட்டுவண்டி போலத்தான் ஓட்டுவார். பாலவனத்தம் நெருங்கினால் மட்டும் முடுக்குவார். தகரம் கத்தும். அங்கே ரோட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீடும் அதற்கு எதிரே ஒரு கிணறும் உண்டு. நாங்கள் போகும்போதெல்லாம் அந்த வீட்டுப் பெண் பித்தளைக் குடத்தோடு கிணற்றடியில் நிற்பாள். தலை நிமிர மாட்டாள். குடத்தை மட்டும் ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றுவாள். எந்நேரமும் தண்ணீர் தீர்ந்துபோகிற வீடு போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஹாரன் அடித்தால் ஊர் திரும்பிப் பார்க்கும். யாருக்கு அடித்தாய் என்று கேள்வி வரும். தகரம் கத்தினால் பழி காற்றின் மேல். இது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது.

அப்பாவும் அம்மாவும் திருச்சுழியில் மாமாவுக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். நல்ல குடும்பம், கடை இருந்தது. வெள்ளிக்கிழமை போய்ப் பூ வைத்துவிடுவது என்று பேச்சு. சரி அத்தான் என்று மாமா சொன்னார். அப்பா எதைச் சொன்னாலும் அவர் அப்படித்தான் சொல்வார். அக்காள் வீட்டுச் சோறு சாப்பிடுகிறவர் வேறு என்ன சொல்ல முடியும். அன்றிலிருந்து அந்தச் சோறும் அவருக்கு இறங்கவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்றார். அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

அப்பாவுக்கு வேறு கவலை. நாலு பேர் முன்னால் ஊளையிட்டுக்கொண்டு போய் இறங்க முடியாது என்றார். வியாழக்கிழமை விருதுநகர் போகும்போது காது கொடுத்துக் கேட்பேன், ஒரு சத்தம் வந்தாலும் தகரத்தைப் பிடுங்கிக் கம்மாயில் எறிந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

என் தகரத்தையா?

எங்கள் தெரு முனையில் அப்போது ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். தார் டின்னைச் சுற்றிப் பிள்ளைகள் எந்நேரமும் நிற்போம். புதன்கிழமை உச்சிவெயிலில் ஒரு உருண்டை தார் எடுத்துவந்தேன். பெட்டியிலிருந்த ரப்பரை எடுத்து, இடது பக்கத்து இடைவெளியில் திணித்து, அதன்மேல் தாரை அப்பிக் கட்டை விரலால் அமுக்கினேன். விடிவதற்குள் அது கல்லாகிவிட்டது. நல்ல வேலை. மாமா செய்ததைவிட நல்ல வேலை. யாரிடமும் சொல்லவில்லை; கார் அமைதியாகப் போகும்போது சொல்லிப் பேர் வாங்கலாம் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை பாலவனத்தம் நெருங்கியது. மாமா முடுக்கினார். தகரம் வாயே திறக்கவில்லை. இன்னும் முடுக்கினார். கதவெல்லாம் ஆடியது, கண்ணாடி கடகடத்தது, தகரம் மட்டும் ஊமையாக நின்றது. பின்னாலிருந்து அப்பா, எங்கே தீப்பிடித்திருக்கிறது என்று இப்படிப் பறக்கிறாய் என்று கேட்டார். கிணறு வந்தது. கிணற்றடியில் ஆள் இல்லை.

வீட்டு வாசலை ஒட்டிக் கார் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. இன்ஜின் சூடாகிவிட்டது என்று மாமா இறங்கினார். பானெட்டைத் தூக்கப் போன கை தாரின் மேல் நின்றது. என் கட்டை விரல் பதிந்த குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் பெருமையாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நேரே அந்த வீட்டை நோக்கி நடந்தார்.

அந்த வீட்டுப் பெரியவர் வாசலில் வத்தலைக் காயப்போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார். காருக்குத் தண்ணீர் வேண்டும் என்று மாமா கேட்டதும் உள்ளே பார்த்து மகளுக்குக் குரல் கொடுத்தார். அப்பாவும் இறங்கினார். வத்தலைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. ஒன்றை எடுத்து ஒடித்து மோந்து பார்த்தார். அது எந்த ஊர் விதை என்று இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள்.

குடம் நிறையத் தண்ணீரோடு அந்தப் பெண் வந்தாள். கார் வரை அவளே கொண்டுவந்தாள். மாமா வாங்கி ரேடியேட்டரில் சாய்த்தார். சாய்த்த தண்ணீர் அப்படியே பொங்கி வெளியே வந்தது. இன்ஜின் மேல் வழிந்து, மண்ணில் இறங்கி, வாய்க்கால் மாதிரி ஓடியது. மாமா நிறுத்தவில்லை. அவர் குடத்தையும் பார்க்கவில்லை, ரேடியேட்டரையும் பார்க்கவில்லை. அந்தப் பெண் தன் காலை நனைத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, காலைலதான நான் நெறையா ஊத்துனேன். சூடும் இல்ல ஒண்ணும் இல்ல. எதுக்குத் தண்ணியக் கொட்டுறீக?"

விதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். தண்ணீர் வத்தலைத் தொடப் போயிற்று. பெரியவர் எழுந்து, நுனிக் காலால் மண்ணை ஒதுக்கி அணை போட்டார். மாமாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "தண்ணிக்கு வந்தவுகளாத் தெரியலையே" என்று மெதுவாகச் சொன்னார். காலிக் குடத்தை வாங்கிக்கொண்ட பிறகும் அந்தப் பெண் உள்ளே போகவில்லை.

அப்பா ஒடித்த வத்தலைக் காய்கிற வத்தலோடு திரும்பப் போட்டார்.

"மாப்ளே, ஒனக்கு வயிறு சரியில்லாதது இதுதானா?"

மாமா மண்ணைப் பார்த்துக்கொண்டு, "ஆமா அத்தான்" என்றார். அவர் அப்பாவிடம் எத்தனையோ 'சரி அத்தான்' சொல்லி நான் கேட்டிருக்கிறேன். 'ஆமா அத்தான்' என்று கேட்டது அன்றைக்குத்தான். வயிற்று வலியை ஒத்துக்கொள்ள ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வெட்கமா என்று நினைத்தேன்.

அப்பா காரில் ஏறினார். விருதுநகர் போய்ச் சேரும்வரை, கார் எவ்வளவு அமைதியாகப் போகிறது பார்த்தீர்களா என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் கேட்கிற முகமாக யாரும் இல்லை.

சாயங்காலம் திரும்பும்போது பாலவனத்தத்தில் அந்த வீடு வந்தது. பின்சீட்டிலிருந்து அப்பா, "மாப்ளே, காரு சூடாயிருச்சான்னு பாரு" என்றார்.

சூடு இல்லை, நான் கையை வைத்துப் பார்த்துவிட்டேன் என்றேன்.

"நீ சும்மா இரு. சூடாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். உள்ளே ரொம்ப நேரம் பேசினார்கள். யாருக்கு யார் என்ன முறை, எந்தப் பாட்டன் எந்த ஊரில் பெண் எடுத்தான் என்றெல்லாம். எனக்குக் கருப்பட்டிக் காப்பி கிடைத்தது. வெள்ளிக்கிழமை நாங்கள் திருச்சுழிக்குப் போகவில்லை. அப்பா மட்டும் பஸ்ஸில் போய், முகம் சுருங்கித் திரும்பி வந்தார். தை மாதம் மாமாவுக்கும் பாலவனத்தத்துப் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் எப்போது, எங்கே முதலில் பார்த்துக்கொண்டார்கள் என்று அத்தை கடைசிவரைக்கும் என்னிடம் சொல்லவில்லை.

கல்யாணமான மறுவாரமே மாமா மண்ணெண்ணெய்த் துணியும் கத்தியும் எடுத்துக்கொண்டு என் தாரைச் சுரண்டி எடுத்தார். ரப்பரையும் உருவிவிட்டார். கார் தெரு முனைக்கு வரும்போதே தகரம் கத்தும், உள்ளே அத்தை காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். எழவு வீட்டுக் கார் என்று சொன்ன அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது எனக்கு உறுதியாயிற்று.

மாமாவுக்காக நான் ரொம்ப நாள் வருத்தப்பட்டேன். தண்ணீருக்குக் கஷ்டப்படுகிற வீட்டில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டார். அந்தத் தப்புக்காகத்தான் அப்பா திரும்பவும் போய், அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிவைப்பதாகச் சொல்லிச் சமாதானம் பண்ணியிருக்கிறார் என்று நம்பினேன். தெருப் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொன்னேன். அதற்குப் பிறகு யார் வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கினாலும், நான் ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாமல் குடித்தேன்.