ஊறவைத்த முந்திரிகை

போன வெள்ளிக்கிழமை காலை. ஊதா நிறத்தில் எதையோ நிரப்பிய கிளாசுடன் பக்கத்து வீட்டு நஸ்ரீன் என் குசினிக்குள் வந்து நின்றாள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அக்கா, இதையும் குடிக்கிறாள் இல்ல. என்ன பிழை எண்டு ஒருக்கா ருசி பார்த்துச் சொல்லுங்க."

குடிக்காதது அவளுடைய மகள் ஹனா. நாலு வயது. கதைக்கத் தொடங்கினால் வாய் மூடாது. சாப்பாட்டைக் கண்டால் திறக்காது! போன கிளினிக்கில் பிள்ளையைத் தராசில் ஏற்றிய தாதி மிஸ், "போன மாசமும் இதே நிறைதானேம்மா" என்றாராம். அவர் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு தாயின் காதில் அது எப்படி விழும்? வரிசையில் நின்ற அத்தனை தாய்மாரும் தன்னையே திரும்பிப் பார்த்ததாக நஸ்ரீன் சொல்கிறாள். பார்த்திருக்கமாட்டார்கள். அவரவர் பிள்ளையின் கவலை அவரவருக்கு.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பிளெண்டருக்கு ஓய்வில்லை. பாலாவிச் சந்தியில் போகிற சீமெந்து லொறிகளின் சத்தத்தையும் மீறி அது எனக்குக் கேட்கும். பப்பாசி ஸ்மூத்தி, அவகாடோ ஸ்மூத்தி, விளாம்பழமும் தேங்காய்ப்பாலும்... ஹனா ஒன்றையும் தொடவில்லை. வீணாக்கக் கூடாதே என்று எல்லாவற்றையும் அவளுடைய வாப்பா குடித்தார். மகளின் நிறை அப்படியே நிற்கிறது — வாப்பாவுக்குத்தான் சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை!

சரி, என் முறை. ஒரு மிடறு குடித்தேன். புளித்தது. பல்லுக்குள் ஏதோ நறநறவென்று அரைபட்டது.

"என்ன பிள்ளை போட்டனீர் இதுக்குள்ள?"

"பாலும் வாழைப்பழமும் முந்திரிகையும் அக்கா. முந்திரிகையை ராவைக்கே ஊறப்போட்டுட்டன்."

"முந்திரிகைப் பழத்தை ஏன் ஊறப்போட்டனீர்?"

"அவங்க அப்பிடித்தானே சொன்னாங்க!"

போனை எடுத்துப் போட்டுக் காட்டினாள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய குரல் பதிவு. பேசுவது தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவர். படமில்லை, குரல் மட்டும். "நைட்டே ஒரு கைப்பிடி முந்திரிய ஊற வச்சிடுங்க. காலைல வாழைப்பழம், பால் சேர்த்து அரைச்சா சும்மா க்ரீம் மாதிரி வரும்!"

"விடிய எழும்பிப் பார்த்தா ஊறவே இல்ல அக்கா" என்றாள் நஸ்ரீன். "போட்ட மாதிரியே உருண்டையாக் கிடக்கு. பிறகு கொஞ்சம் சுடுதண்ணியும் ஊத்தி வச்சன்..."

எனக்கு விளங்கிவிட்டது. யுத்த காலத்தில் சில வருடங்கள் நான் சென்னையில் இருந்தவள். போன புதிதில், காய்ச்சலில் கிடந்த தங்கச்சிக்காகக் கடையில் முந்திரிப்பழம் கேட்டேன். கடைக்காரர் ஒரு பாக்கெட் முந்திரிப்பருப்பை எடுத்து நீட்டினார். நமது முந்திரிகைக்கு அங்கே பெயர் திராட்சை. அவர்கள் முந்திரி என்பது...

"நஸ்ரீன், அவ சொன்னது கஜு!"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலால் தன் வளவைப் பார்த்தாள். அங்கே, கிணற்றடிக்குப் பக்கத்தில், கிளையெல்லாம் காய் தொங்க நிற்கிறது ஒரு கஜு மரம்.

"அந்தா நிக்கிற கஜுவா?"

"ஓம். அதே கஜுதான்."

"யா அல்லாஹ்! முந்திரிகையைச் சுடுதண்ணியில ஊறவச்ச முதல் ஆள் நானாத்தான் இருப்பன்!"

கதிரையில் பொத்தென்று இருந்து சிரிக்கத் தொடங்கினாள். அப்படி ஒரு சிரிப்பு. இவ்வளவு நாளாக அடக்கிவைத்த அழுகையும் அதற்குள் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைப்பதும் சிரிப்பதுமாக இருந்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

உம்மாவைத் தேடி வந்த ஹனா வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்ல மேசைக்கு வந்தாள். இரண்டு கையாலும் கிளாசைத் தூக்கினாள்.

நஸ்ரீன் பதறி எழும்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவளைப் பாராதேயும். என்னைப் பார்த்துச் சிரியும்."

மடக் மடக்கென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், கிளாசில் பாதிக்கு மேல் காலி. மேலுதட்டில் ஊதா மீசை.

"உம்மா, இது மண் மாதிரி இருக்கு" என்றாள் ஹனா. சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள்.

யோசித்துப் பார்க்கிறேன்... நாங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிறோமா, சோதனை வைக்கிறோமா? கிளாசை நீட்டிவிட்டு, றிசல்ட் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பிள்ளை பயப்படாமல் என்ன செய்யும்? ஆனால் நஸ்ரீனை நான் குறை சொல்லமாட்டேன். தராசைப் பார்த்துப் பயந்து வந்த தாய்க்குச் சிரிப்பு எங்கேயிருந்து வரும்? பாவம், அவளும் எத்தனை நாள்தான் நித்திரையில்லாமல் பழம் அரைப்பாள்!

மறுநாள் காலை மீண்டும் பிளெண்டர் சத்தம். இந்த முறை எல்லாம் சரியாக — ஊறிய கஜு, கனிந்த வாழைப்பழம், பால். ருசி பார்க்க எனக்கும் அழைப்பு. சொன்னபடியே க்ரீம் மாதிரித்தான் வந்திருந்தது. ஒரு குறையும் இல்லை.

ஹனா கிளாசைப் பார்த்தாள். அதை நீட்டிக்கொண்டு நின்ற உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"என்ன தங்கம், குடிங்களேன்..."

"நீங்க நேத்து மாதிரி சிரிங்க. அப்பத்தான் குடிப்பன்."

நஸ்ரீன் கிளாசும் கையுமாக என் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஒரு பகிடி சொல்லுங்க... கெதியா!"

ஆகவே வாசகர்களே, கைவசம் நல்ல பகிடிகள் இருந்தால் உடனே அனுப்பிவையுங்கள் — அடுத்த கிளினிக்குக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு நிறை கூட வேண்டியிருக்கிறது.