அருள் நிறைந்த மரியே சொல்லும் நேரம்

பக்கவாதத்தில் என் கணவரின் வலக்கை விரல்கள் மடங்கிப் போயின. அவர் கம்பெனியின் காப்புறுதி ஏற்றுக்கொள்ளும் பிசியோதெரபி நிலையம் கொழும்பில்தான் இருந்தது. அவ்வளவு தூரம் அவரைக் கொண்டுபோக முடியாமல், எங்களுக்குக் கிட்ட உள்ள பிலிமத்தலாவையில் ஒரு பிசியோதெரபி மிஸ்ஸிடம் சொந்தக் காசு கொடுத்துக் காட்டினோம். மிஸ்ஸின் நெற்றியில் திருநீறு, காலில் வெள்ளைச் சப்பாத்து. தொடுமுன் உள்ளங்கைகளைச் சூடாகத் தேய்த்துக்கொள்வார்.

மூன்றாம் முறை போனபோது, இனி வரக் காசில்லை என்று சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டேன்.

"அழாதீங்க அக்கா. வீட்டுல நீங்களே செய்யலாம், மாசம் ஒருக்கா வந்து காட்டுங்க. விரலை இப்படி நீட்டி, இருபது எண்ணுற வரைக்கும் பிடிங்க."

"பதற்றத்துல எண்ணிக்கை தப்பிடும் மிஸ். ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்ற நேரம் போதுமா?"

"சொல்லுங்க பாப்போம்," என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சொல்லி முடித்தேன்.

"பன்னிரண்டு செக்கன்தான். பயந்துகிட்டே சொல்றீங்க. மாதா எங்கயும் ஓடிற மாட்டாங்க, மெதுவா சொல்லுங்க."

கோணிய வாயால் என் கணவரும் சிரித்தார்.

இப்போது தினமும் நானும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே தொடங்குகிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்ற பயம் இன்னும் போகவில்லை. செபம் வேகமெடுத்தால் நிறுத்தி, முதலிலிருந்து சொல்கிறேன்.

வேறு சாமி கும்பிடும் அந்த மிஸ்ஸுக்கு, என் செபத்தில் இருந்த பயம் எப்படித்தான் கேட்டதோ!