தறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த தெரு

“…அப்ப சத்தமே இல்லாத தெரு, ஆஸ்பத்திரிக்குன்னே அளவெடுத்துத் தச்ச தெரு. அப்பிடித்தான் எழுதியிருக்கீக. அதான சார்?”

கேட்டது என் எதிர்வீட்டு மதினி. தெருவைப் பார்வையிட வந்திருந்த அதிகாரியிடம் கேட்டாள். ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு, குரலில் அப்படி ஒரு பணிவு. மதினி கும்பிட்டுப் பேசினால் அடுத்து எங்கேயோ இடி விழப்போகிறது என்று அர்த்தம். தெருவில் உள்ள பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். பாவம், அதிகாரி வெளியூர்.

இந்தக் கேள்வி எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல வேண்டுமானால் தெருவைச் சொல்லாமல் முடியாது.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. நெய்வது வேட்டியும் இல்லை, சேலையும் இல்லை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி. “நாம நெய்யிற துணியக் கட்டிக்கிட்டு எவனும் கல்யாணத்துக்குப் போகப்போறதில்ல. கட்டுனவன் வீட்டுக்குத் திரும்பி வந்தாச் சரி” என்பாள் மதினி. அந்தத் துணியைப் பழுப்பு நிறத்தில் சுருட்டிக் கொடுப்பார்கள். சலவைப் பட்டறைக்கு என் குட்டியானை வண்டியில் ஏற்றிப்போவது என் பிழைப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் வண்டியில் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் வாயிலிருந்து வந்ததுதான்.

தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தொண்டை பெரிசு. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வருகிற பெண், மாமியார் காப்பி குடிக்கக் கூப்பிட்டதைத் திட்டுகிறாள் என்று நினைத்து அழும். பிறகு அதுவே மாமியாரைவிடச் சத்தமாகப் பேசப் பழகிக்கொள்ளும். அந்தச் சத்தம் நிற்பது ரெண்டே காரணத்துக்குத்தான். கரண்டு போனால் நிற்கும். ஆள் போனால் நிற்கும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் யாரும் யாருக்கும் சொல்லிவிட வேண்டியதில்லை. அத்தனை தறியும் நின்றுவிடும்; பாடை முக்கு திரும்பின பிறகுதான் ஓடும். பக்கத்துத் தெருக்காரர்கள் முதலில் வீட்டு பேனை அண்ணாந்து பார்ப்பார்கள். பேன் சுற்றுகிறது, தறிச் சத்தம் இல்லை என்றால் மாலை வாங்க ஆள் அனுப்பிவிடுவார்கள்.

தெரு முக்கில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சும்மா சொல்லக் கூடாது, கைராசியான ஆஸ்பத்திரி. என் மகள் காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது அங்கேதான் கண் திறந்தாள். அவர்கள் இதய நோய்க்கென்று புதிதாக ஒரு கட்டடம் எழுப்பவேண்டும் என்று தெருவுக்குள்ளே நாலைந்து வீடுகளை விலை பேசினார்கள். ஆனால் ஊர் வரைபடத்தில் எங்கள் தெரு குடியிருப்புப் பகுதி. அதை மாற்றினால்தான் அம்புட்டுப் பெரிய கட்டடத்துக்கு அனுமதி கிடைக்கும். மாற்றப்போகிறோம், ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று பேப்பரில் அறிவிப்பு வந்தது.

மதினிக்கு அன்று முதல் தூக்கம் போயிற்று. காரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அங்கே அவள் அண்ணனுக்குத் தறிக்கூடம் இருந்தது. பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோம் வந்தது. முதலில், ராத்திரி மட்டும் ஓட்டாதீர்கள் என்றார்கள். சரி என்றார். அப்புறம், மத்தியானம் நோயாளிகள் தூங்குகிறார்கள் என்றார்கள். அதற்கும் சரி என்றார். அப்புறம் சத்தம் எழுப்பக் கூடாது என்று ஒரு போர்டு வந்தது. போர்டுக்குப் பின்னால் போலீஸ் வந்தது. இப்போது அவர் ஆண்டாள் கோவிலுக்கு வருகிறவர்களிடம் தோளில் போட்டுத் துண்டு விற்கிறார். எங்கோ யாரோ நெய்த துண்டு.

“இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேப்பாக, கொழுந்தனாரே. எங்க அண்ணன் பாயும் குடுத்தான், தலகாணியும் குடுத்தான். கடைசில அவன் வெளித் தரையில கெடக்கான்” என்றாள் என்னிடம்.

அவளுக்கு இருப்பது வீட்டின் முன்கட்டில் நாலு தறி. புருஷனுக்குத் தறிச் சத்தத்தில் காது சுத்தமாகப் போய்விட்டது. அறுந்த இழையை முடிவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வேறு எந்த வேலைக்கும் யாரும் அவரைக் கூப்பிடமாட்டார்கள். தறி நின்றால் அந்த வீட்டில் அடுப்பு நிற்கும்.

எதிர்த் தரப்பில் மாடி வீட்டு அண்ணாச்சி. பெயிண்டுக் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டையும் ஆஸ்பத்திரிக்காரர்கள் விலை பேசியிருந்தார்கள். ஆனால் அவருக்கு விலை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது, இங்கே வசதி இல்லை என்று மதுரைக்கு அனுப்பினார்கள். திருமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுக் கிடந்தது. போய்ச் சேருவதற்குள் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இன்றைக்கும் கடையைப் பூட்டிவிட்டு வந்து அந்த அம்மாவுக்கு அவர்தான் சோறு ஊட்டுகிறார்.

மாரியம்மன் கோவில் கொட்டகையில் தெருக்கூட்டம் போட்டோம். அண்ணாச்சி அமைதியாகத்தான் ஆரம்பித்தார்.

“தலவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். நாளைக்கு உங்க வீட்டுல ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா எங்க ஓடுவீக? மதுரைக்கா?”

மதினி எழுந்தாள். “ஆஸ்பத்திரி வேண்டாம்னு எவ சொன்னா அண்ணாச்சி? ஊருக்கு வெளிய எடமா இல்ல? என் தறி மேல ஏறி நின்னுதான் வைத்தியம் பாக்கணுமா?”

“ஒன் தறி, ஒன் தறி! அந்தச் சத்தத்துல எம் பொஞ்சாதி ஒறங்கி எம்புட்டு நாளாச்சு தெரியுமா? விழுந்து கெடக்காளே, இந்தச் சவத்துத் தறிய செத்த நேரம் நிறுத்துவோம்னு ஒரு நாள் தோணியிருக்கா ஒனக்கு?”

எனக்கே நெஞ்சில் குத்தியது. மதினி அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அவள் உட்காரவில்லை.

“சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? வீட்டுக்கு வெல வந்த பொறவுதான் ஒங்களுக்குக் காது கேக்க ஆரம்பிச்சுதாக்கும்!”

பின்னாலிருந்து ஒருவன் சந்தடி சாக்கில், “வெல எம்புட்டு அண்ணாச்சி?” என்றான். சிரிப்பு. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “சிரிங்கலே, நல்லாச் சிரிங்க. நெஞ்சு வலிச்சா அந்தப் பேண்டேஜத் தின்னுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அதற்கப்புறம் தெரு தெருவாக இல்லை. அண்ணாச்சி கடையில் யாரும் பெயிண்டு வாங்கவில்லை. மதினி வீட்டுச் சுவரில் யாரோ கரியால் ‘செவிட்டுத் தறி’ என்று எழுதிவைத்தார்கள். அதை அழிக்காதே என்று மதினி புருஷனைத் தடுத்துவிட்டாள். எழுதினவன் தினமும் பார்த்துக்கொண்டு போகட்டுமாம். கோவில் பொங்கலுக்கு ரெண்டு அடுப்பு, ரெண்டு பானை. எனக்கு மத்தளம் பாடு. ரெண்டு பக்கமும் இடி. அண்ணாச்சி என்னை “தறிக்காரி டிரைவர்” என்றார். மதினியோ, “நீரும் ஆஸ்பத்திரி வாசல்ல சவாரி அடிக்கலாம்னு பாக்கீரா?” என்றாள்.

ஆட்சேபணை மனு எழுதும் வேலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் போயிற்று. அவர் சொன்ன யோசனை கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

“குடியிருப்ப மாத்தாதீகன்னு கேக்குறோம். அப்ப நாம குடியிருக்கிறவுகளாத்தான் தெரியணும். வீட்டு வரியக் கட்டிட்டு உள்ள தறி ஓட்டுறது தெரிஞ்சா, ஆஸ்பத்திரிக்கு முன்னால நமக்குல்லா நோட்டீசு வரும்?”

அப்படியே எழுதினார். ‘இது அமைதியான குடியிருப்புப் பகுதி. தொழிற்கூடம் எதுவும் இங்கே இல்லை.’ மதினி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு தறியும் ஓடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டோம்.

அந்தக் காலையை என்ன சொல்ல. தறியில் ஏற்றியிருந்த பாவு நூலின் மேல் போர்வையைப் போர்த்தி, தறிக்கூடக் கதவில் பள்ளிக்கூடச் சட்டைகளைக் காயப்போட்டு, மதினி வீட்டுச் சுவரில் இருந்த கரி எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து, வாசலில் பெரிய பெரிய கோலமாகப் போட்டிருந்தார்கள். எல்லாத் தறியும் நின்றதும் குழாயில் சொட்டுகிற தண்ணீர் கேட்டது. யார் வீட்டிலோ தாளிக்கிற கடுகு கேட்டது. நாங்கள் வழக்கம்போலப் பேசினால் சண்டை மாதிரி இருந்தது. உடனே எல்லோரும் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார்கள். மதினி புருஷன் மட்டும் வெறுங்காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவருக்குத் தறியின் ஓட்டம் காலில்தான் தெரியும். “தரை செத்துப்போச்சு” என்றார்.

அப்போதுதான் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் ஒருவர் கையில் ரோஜா மாலை. ஒருத்தி நேராக வந்து மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “எங்க அண்ணன விட்டுட்டியே தாயீ” என்று ஒப்பாரியை எடுத்தாள். அந்த அண்ணன், மதினி புருஷன்தான், அவளுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, வாயப் பொத்துட்டி! குத்துக்கல்லாட்டம் ஆளு இருக்காகல்லா!” என்றாள் மதினி.

“பொறவு எதுக்கு தறி நின்னுச்சு?”

“தறின்னு சொல்லாதட்டி!”

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் ஜீப் முக்கில் திரும்பியது. பின்னாலேயே ஆஸ்பத்திரி மேனேஜர் கார். மாலைக்காரர் மாலையை எங்கே ஒளிப்பது என்று முழித்தார். பிணத்துக்கு வாங்கிய மாலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். அதிகாரிக்கு மகா சந்தோஷம். எதற்கு இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்து நின்றார். நான் வண்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. தெருவை ஒரு சுற்று சுற்றிவந்த மேனேஜர், எங்கள் மனுவின் நகலைப் பையிலிருந்து எடுத்தார்.

“பாருங்க சார். பட்டறை இல்ல, புகை இல்ல. அமைதியான பகுதின்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இதய நோயாளிக்கு இதைவிட வேற என்ன சார் வேணும்?”

அதிகாரி தலையாட்டினார். “நானும் அதத்தான் கவனிச்சேன். டவுனுக்குள்ள இப்படி ஒரு இடம் ஆச்சரியம்தான்” என்றவர், மாடி வீட்டு வாசலில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார். “நீங்க இங்கயே குடியிருக்கீங்களா? சத்தம், தொந்தரவு ஏதாவது உண்டா?”

தெருவே அண்ணாச்சியைப் பார்த்தது. உறக்கம் கெட்ட கதையை அவர் சொல்லிவிட்டால் எங்கள் கதை முடிந்தது. அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை, மதினியை மட்டும் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்.

“குண்டூசி விழுந்தாக் கேக்கும் சார். நாங்க அப்பிடி வாழ்ந்து பழகிட்டோம்.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் வாயைப் பொத்திக் கெட்டோம். அவர் சொன்னது பச்சைப் பொய் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் பொய் என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் தறி வெளியே வந்துவிடும். திறக்காவிட்டால் அமைதியான தெரு என்று எழுதி, ஆஸ்பத்திரி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கதைதான். அண்ணாச்சி எங்கள் மூட்டையை எங்கள் கயிற்றாலேயே கட்டி எங்கள் தலையில் ஏற்றிவிட்டார்.

அதிகாரி ஜீப்பின் முன்பக்கத்தில் அட்டையை வைத்து எழுத ஆரம்பித்தார். குமாஸ்தா மதினியின் பக்கம் நகர்ந்து, “இப்ப ஒண்ணும் பேசாதீக. பேசினா நோட்டீசு மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான். பொறவு பாத்துக்கலாம்” என்றார். மதினி புருஷனைப் பார்த்தாள். அவருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. காலைத் தரையில் வைத்தபடி, எப்போது ஓட்டலாம் என்று சைகையில் கேட்டார்.

அப்போதுதான் மதினி கையைக் கூப்பிக்கொண்டு அதிகாரியிடம் போய், ஆஸ்பத்திரிக்குன்னே தச்ச தெருவா என்று கேட்டாள்.

“ஆமாம்மா” என்றார் அவர், மாலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டே. “கண்ணால பாத்தது, காதால கேட்டது, அதத்தான நான் எழுத முடியும்?”

“நியாயந்தான் சார். செத்த நேரம் அப்பிடியே நில்லுங்க.”

குமாஸ்தா, “மதினி, வேண்டாம்” என்றார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தறிக்கூடக் கதவில் தொங்கிய சட்டைகளை வாரித் தரையில் எறிந்தாள். கதவு ரெண்டையும் தெருவைப் பார்க்க அகலத் திறந்துவைத்து, போர்வைகளை உருவிப் போட்டுவிட்டு, முதல் தறியின் சுவிட்சைத் தட்டினாள். பிறகு ரெண்டாவது. பிறகு மூன்றாவது. நாலாவதில் இழை அறுந்திருந்தது. புருஷனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, அவர் அதை முடிகிறவரை பக்கத்திலேயே நின்று, அதையும் ஓடவிட்டாள்.