டென்ட்டுக்குள் வைத்த உமி ஓவன்

ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் எனக்கு, உமி நெருப்பைப் பற்றித் தெரியாததா என்ற மிதப்பு உண்டு. முத்துப்பேட்டை அருகே ஆற்றங்கரையில் குடும்பத்தோடு டென்ட் போட்டிருந்தோம். பழைய எண்ணெய் டின்னுக்குள் சின்ன டின்னை வைத்து, இடையில் உமியைக் கொட்டி மூட்டினேன். செலவில்லாத அந்த ஓவனில் மகளுக்காக கேக் வெந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. உமி கனலாகிவிட்டது, புகைதான் இல்லையே என்று ஓவனை உள்ளே தூக்கி வைத்து, ஜிப்பையும் மூடினேன்.

சற்று நேரத்தில் மனைவி, "தலை சுத்துதுங்க, பாப்பாவைப் பாருங்க" என்றாள். உலுக்கியும் மகள் கண் திறக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு, மனைவியையும் இழுத்துக்கொண்டு மழையில் ஓடினேன். காற்றுப் பட்ட பிறகுதான் அழுதாள்.

"மூடின இடத்துல கனல் இருந்தா, புகையே இல்லாம விஷவாயு வரும்ங்க" என்றார் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர்.

அதே ஓவனில்தான் இன்றும் சமைக்கிறோம். மழை வந்தால் நாங்கள் மட்டும் உள்ளே போகிறோம். கேக் நனையட்டும்.