நீலம் இறங்கிய வழி

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அந்த அம்மா, கீழே கிடந்த மண்கட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, குடிக்க வைத்திருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைகிறார். பிசைந்ததைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா போல நீட்டிப் பார்க்கிறார். களிமண்ணாக இருந்தால் நாடா நீண்டுகொண்டே போகும். இது நீளுவதற்கு முன்பே உதிர்ந்துவிட்டது. "மணல்தான். எதைக் கொடுத்தாலும் பிடிச்சு வெச்சுக்கத் தெரியாது இதுக்கு" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொள்கிறார். பேருந்துக்காகப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிறார்கள். அவர் அதைக் கவனிப்பதில்லை.

மண் ஆய்வகத்தில் வேலை. வயலில் தெளிக்கும் களைக்கொல்லி மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது, எங்கே தங்குகிறது, எப்போது நிலத்தடி நீரைத் தொடுகிறது என்று பார்ப்பதுதான் தொழில். அவருடைய பெயர் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. 'குழிக்காரம்மா' என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். வயல் நடுவே ஆளுயரத்துக்குக் குழி வெட்டச் சொல்லி, அதற்குள் இறங்கி, சுவரோடு முகத்தை ஒட்டி நின்றுகொண்டிருப்பார். மேலே போகிறவர் எவராவது, "என்னம்மா, புதையலா?" என்று கேட்டால், "கிடைச்சா உங்களுக்குப் பாதி" என்று குழிக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போகும் நாளில் முகத்துக்குப் பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, வாசனைச் சோப்பும் கிடையாது. எதுவும் தண்ணீரில் கலந்துவிடக் கூடாதாம். "இன்னைக்குக் கிணறு பார்க்கப் போறியா? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது" என்பார் வீட்டுக்காரர். "கிணறு என் மூஞ்சியைப் பார்த்து ஒண்ணும் சொல்றதில்ல" என்று பதில் வரும். கிணற்றடியில் மோட்டாரைப் போட்டு, குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரெல்லாம் ஓடித் தீரும்வரை பொறுமையாக நிற்பார். பிறகு பழுப்புக் கண்ணாடி பாட்டிலை விளிம்பு தளும்ப நிரப்பி, ஐஸ் பெட்டிக்குள் கைக்குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைப்பார்.

இவருக்கு ஒரே தம்பி. கடைவீதியில் பூச்சிமருந்தும் களைமருந்தும் விற்கும் கடை அவருடையது. இஸ்திரி கலையாத சட்டை, கலகலப்பான பேச்சு. "நான் ஊத்தச் சொல்றேன், எங்கக்கா தோண்டிப் பார்க்குது. ஒரு குடும்பத்துக்கே மண்ணுலதான் பொழப்பு" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சிரிப்பார். ஒரு கிணறு அந்தச் சிரிப்பை நிறுத்தியது.

மக்காச்சோளம் போட்டிருந்த ஓர் இளம்பெண்ணின் கிணறு அது. தண்ணீரில் களைக்கொல்லி இருப்பதாக முடிவு வந்தது. ஒருமுறைக்கு இருமுறை சோதித்தும் அதே முடிவுதான். என்ன மருந்து அடித்தாய், எங்கே வாங்கினாய் என்று கேட்டபோது, அந்தப் பெண் இடுப்பிலிருந்த குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க தம்பி கடையிலதான்க்கா. அண்ணன் குடுத்தா நல்லதா இருக்கும்னுதான் வாங்கினேன். புள்ளைக்குப் பால் கரைக்கிறதும் இந்தத் தண்ணியிலதானே, ஒண்ணும் ஆகாதே?"

"நான் பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் புள்ளைக்கு வேற தண்ணி வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குழிக்காரம்மா கிளம்பினார். நேராகக் கடைக்குப் போனார்.

"அதெல்லாம் இருக்காதுக்கா. மருந்து மேல்மண்ணுலயே ஒட்டிக்கும். அப்புறம் தானா அழிஞ்சிடும். கம்பெனிக்காரங்க கூட்டம் போட்டுச் சொன்னாங்க" என்றார் தம்பி.

"நீ வந்து பாரு."

"எனக்குக் கடை இருக்கு."

"ரெண்டு நாள் பூட்டு. குடி முழுகிடாது."

தம்பி வந்தார். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம், மருந்து அடித்த இடத்திலேயே, தீங்கில்லாத நீலச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, பெருமழை போலப் பூவாளியால் ஊற்றினார் அக்கா. மறுநாள் அந்த இடத்தைக் குறுக்கே வெட்டிக் குழி தோண்டினார்கள். தோட்டத்துப் பெண்ணும் குழந்தையோடு மேலே வந்து நின்றாள். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு மண் சீராக நீலம் பூத்திருந்தது. அதற்குக் கீழே துளி நிறமில்லை.

"பார்த்தியா? நான் சொன்னேன்ல" என்றார் தம்பி. முகம் மலர்ந்திருந்தது.

அக்கா கொத்தனார் கரணையால் குழிச் சுவரை இன்னொரு படலம் சீவினார். பென்சில் கனத்தில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. மண்புழு போட்ட துளை. அதைத் தொடர்ந்து சீவச் சீவ, கோடு முழங்காலைத் தாண்டி இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று, செத்துப்போன வேர் விட்டுப் போன சந்து. அதுவும் நீலமாக, குழியின் அடிவரை போய், அதற்குக் கீழும் போனது. தம்பி இஸ்திரிச் சட்டையோடு குழிக்குள் இறங்கிக் குனிந்து பார்த்தார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீ சொன்னது பொய்யில்லடா" என்றார் அக்கா மெதுவாக. "மண்ணு பிடிச்சு வெச்சுக்கும். அதுக்கு நேரம் குடுக்கணும்ல? இவ மருந்து அடிச்ச கையோட மழை கொட்டியிருக்கு. கீழே முழுக்க மணலு. இந்தச் சந்துல இறங்கி ஓடியே போயிருக்கு."

"அப்போ இந்தப் புழுவாலதானா எல்லாம்?" என்றாள் மேலே நின்ற பெண்.

"அது என்னம்மா பண்ணும்? அது பாட்டுக்கு வழி போட்டுச்சு. அது இல்லேன்னா மழைத்தண்ணியே உள்ளே இறங்காது."

"எப்போக்கா சரியாகும்?"

இந்தக் கேள்விதான் அவருக்கு ஆகவே ஆகாது. சுவரைச் சீவிக்கொண்டே சொன்னார்: "இனிமே அடிக்கலேன்னாலும், முன்னாடி இறங்கினது இன்னும் வழியில இருக்கும். கிணறு தெளிய நாளாகும். அதுவரைக்கும் இதைக் குடிக்காதீங்க. புள்ளைக்குக் கண்டிப்பா வேணாம்."

தம்பி குழியை விட்டு ஏறினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு போன் இல்லை. வீட்டுப் பக்கமும் வரவில்லை. "நான் அந்தப் பொண்ணு முன்னாடி அவனுக்கு அப்படிக் காட்டியிருக்கக் கூடாதோ?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். "பின்னே குழியை வீட்டுக்கா எடுத்துட்டு வர முடியும்?" என்றார் அவர். குழிக்காரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. போனை எடுப்பதும் வைப்பதுமாக நாட்கள் போயின. இதற்கிடையே ஒரு விவசாயி வழிமறித்துப் புகார் சொன்னார்: "உங்க தம்பிக்கு என்னம்மா ஆச்சு? மருந்து கேட்டா ஜோசியக்காரர் மாதிரி கேள்வி கேக்கிறார். மழை வருமாங்கிறார், கிணறு எந்தப் பக்கங்கிறார், மண்ணு மணலாங்கிறார். கடைசியில மருந்தைக் குடுக்காம, களைவெட்டியை வெச்சு ஓட்டுங்கன்னு அனுப்பிட்டார்." குழிக்காரம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "வெயில் அதிகம்ல, அதான்" என்றார்.

மீண்டும் தண்ணீர் மாதிரி எடுக்க அந்தத் தோட்டத்துக்குப் போன காலையில், வாசலில் தம்பியின் கடை வண்டி நின்றது. பின்பக்கம் திறந்திருக்க, உள்ளே தண்ணீர் கேன்கள். ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போகத் திரும்பியவர் அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தினம் கொண்டாந்து தர்றாருக்கா. வேணாம்னாலும் கேக்கிறதில்ல" என்றாள் அந்தப் பெண், குழந்தையைத் தட்டிக்கொண்டே.

"இந்தப் பக்கமா வந்தேன்" என்றார் தம்பி.

"கடை அந்தப் பக்கம்ல இருக்கு?"

தம்பி, கேனிலிருந்து சிந்திய தண்ணீர் சட்டையை நனைக்க, உள்ளே நடந்தார். குழிக்காரம்மா ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்தார். வண்டியிலிருந்து இன்னொரு கேனை இழுத்து, இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தம்பிக்குப் பின்னாலேயே போனார்.